ரெண்டும் ஊதா

அந்தப் பல் கிளினிக்கில் நோயாளிகள் கண்ணில் படாத அறை ஒன்று இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். இடப்பக்கம் அழுக்கு, வலப்பக்கம் சுத்தம். ரத்தமும் எச்சிலுமாக வரும் குறடுகளும் கொக்கிகளும் இடப்பக்கத் தொட்டியில் இறங்கும். பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, ஈரம் போகத் துடைத்து, ஒருபக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்குமான பைகளில் போட்டு ஒட்டி, நீராவி மெஷினுக்குள் அடுக்குவார்கள். வெந்து வெளியே வந்த பிறகுதான் வலப்பக்க அலமாரியில் அதற்கு இடம். மெஷினுக்குள் போகாமல் ஒரு பஞ்சு உருண்டைகூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் டாக்டர். அதைக் கட்டிக் காத்தவள் அவள் தங்கை.

வீட்டில் அவளை இளையவள் என்பார்கள். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அக்கா தனியாகக் கிளினிக் போட்டபோது, நம்பி விட்டுவிட்டுப் போகும்படியான ஒரு ஆள் வேண்டும் என்றாள், இவள் வந்துவிட்டாள். கீழே கிளினிக். மாடியில் இளையவளும் புருஷனும் மாமியாரும். டாக்டர் இரண்டு தெரு தள்ளி இருந்தாள், ஆனால் மதியச் சாப்பாடு இங்கேதான்.

மெஷினுக்குப் பெரியவர் என்று பெயர். சூடாவதற்கு முன் முனகுவார், நடுவில் சீறுவார், முடித்ததும் நீளமாகப் பெருமூச்சு விடுவார். அவசரப்படுத்தினால் கதவைத் திறக்க மாட்டார். அந்த வருஷம் மழை விடாமல் பெய்ததில், வெளியே வந்த பைகள் சீக்கிரம் காயவில்லை. ஈரப் பையை அலமாரியில் வைக்கக்கூடாது. அதனால் தட்டுகளைச் சாய்த்து வைத்துவிட்டு அவை உலரும்வரை இளையவள் காவல் இருப்பாள்.

பை வெந்துவிட்டதா என்று பார்க்க அதன் மேலேயே ஒரு கோடு உண்டு, சூடு பட்டால் கறுக்கும். அந்தக் கறுப்பை நம்பாதே என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். சூடு பட்டது என்றுதான் அது சொல்லும். கிருமி செத்ததா என்று சொல்லாது. அதற்கு வாரம் ஒருமுறை வேறொரு சோதனை. விரல் நுனி அளவு குப்பிகள் இரண்டு. இரண்டுக்குள்ளும் லேசில் சாகாத கிருமி, மனிதரை ஒன்றும் செய்யாத ஜாதி. ஒரு குப்பியைக் கருவிகளோடு மெஷினில் வைத்து வேகவிடுவார்கள். மற்றது வெளியே இருக்கும். பிறகு இரண்டையும் அழுத்தி உள்ளேயிருக்கும் மெல்லிய கண்ணாடியை நொறுக்கினால், ஊதா நிறத் தண்ணீர் கிருமியோடு கலக்கும். சின்னச் சூட்டுப்பெட்டியில் செருகி வைத்துவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். கிருமி உயிரோடிருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். வெந்த குப்பி ஊதாவாகவே இருக்க வேண்டும், வேகாதது மஞ்சளாக வேண்டும். வேகாதது மஞ்சளானால்தான் கிருமி உயிருள்ள கிருமி, பெட்டியின் சூடு சரியான சூடு என்று பொருள். அது மஞ்சளாகாதவரை பக்கத்துக் குப்பியின் ஊதாவுக்கு மதிப்பே கிடையாது.

இளையவளின் புருஷன் பஸ் டிரைவர். வேலையை விட்டு நின்ற பிறகும் வீட்டிலும் கிளினிக்கிலும் அவனுக்கு டிரைவர் என்றே பெயர். ஒரு நாள் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருப்பதாகவும், மாற்றத்தான் வேண்டும் என்றும் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வரிசை நீளம். காத்திருக்கச் சொன்னார்கள்.

மாடியில் படுத்துக் கிடந்தால் அம்மா முகத்தை முகத்தைப் பார்க்கிறாள் என்று அவன் கீழே இறங்கி வந்துவிடுவான். இறங்கியதற்கே ஒரு நாற்காலி வேண்டும். அதை அந்தச் சின்ன அறையின் வலப்பக்கத்தில் போட்டு உட்காரவைத்தார்கள். சும்மா இருக்கிற கை இல்லை அது. பைகளை ஒட்டினான், தேதி எழுதினான். கடைசியில், உட்கார்ந்தே செய்யலாமே என்று குப்பிச் சோதனையையும் இளையவள் அவனிடம் விட்டாள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று சொல்லிக்கொடுத்தாள். பஸ் ஓட்டுவதைவிடச் சுலபம், இதில் யாரும் தொங்கிக்கொண்டு வருவதில்லை என்றான்.

அவனுடைய அம்மா மேலே உப்பில்லாமல் சமைத்தாள். உப்பை நிறுத்தச் சொன்னது டாக்டர்கள்; பழியெல்லாம் அவள் மேல். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா, மழைத்தண்ணிய சுட வெச்சுக் குடுத்துட்டியா" என்பான். "வாயில பல்லு இருக்குறவரைக்கும் பேசு" என்பாள் அவள்.

பல்லுக்கும் நாள் வந்தது. வால்வு மாற்றுவதற்கு முன் வாயில் சொத்தை இருக்கக்கூடாது என்றார் ஆபரேஷன் டாக்டர். வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கி, புது வால்வில் போய்க் கூடு கட்டிக்கொள்ளும், பிறகு கிளப்பவே முடியாது என்று கையால் கூடு மாதிரிக் காட்டினார். டிரைவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும், மருந்து கொடுத்து, கெட்டுப்போன கடைவாய்ப் பற்களை மைத்துனியே பிடுங்கினாள். வாய் சுத்தம் என்று சர்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்தாள்.

பல் பிடுங்கிய சில நாளில் மெக்கானிக் வந்தான். எப்போதும் வருகிற வருஷாந்திரச் சோதனைதான். அந்த ஊர் மெஷின்கள் எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் தலையை விட்டவன், அவனுக்கு ஆவி என்று பட்டப்பெயர். அவனும் கதவைத் தட்டி, ஆவி வந்திருக்கேன் என்றுதான் சொல்லுவான். பெரியவரின் கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தான், புதிதாக ஒன்றைப் பொருத்தினான், டீ குடித்தான், போனான்.

அந்த வாரமே ஒரு நாள் காலை டிரைவருக்கு அசதி, இறங்கி வரவில்லை. முந்தின நாள் அவன் வைத்த குப்பிகளை இளையவள் எடுத்துப் பார்த்தாள். இரண்டும் ஊதா. இது புதிதில்லை. வாராவாரம் அவன் சந்தோஷமாகச் சொல்லும் செய்திதான் அது. ரெண்டும் ஊதா என்பான். நாற்காலியில் ஒருத்தர் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அக்கா உள்ளிருந்தே சரி என்பாள். ஆஸ்பத்திரி வரிசைகளில் நின்றுவிட்டு வந்திருக்கும் இளையவளுக்கும் அது நல்ல சேதியாகவே காதில் விழும். ஒன்று நல்லது என்றால் இரண்டு இன்னும் நல்லது என்கிற மாதிரி.

அன்றைக்குக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் மூடிகள் கண்ணில் பட்டன. மெஷினுக்குள் போய்வந்த குப்பியின் மூடி பழுப்பாக மாறும். இரண்டு மூடியும் பழுப்பு.

அவள் மாடிக்குப் போனாள். அவன் தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். குப்பிகளைக் காட்டி, வெளியே இருக்க வேண்டியதை யார் மெஷினில் வைத்தது என்று கேட்டாள்.

"நான்தான்."

"ஏங்க?"

அவன் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதலில் அவள் சொன்னபடிதான் செய்தான். வெளியே வைத்தது மஞ்சளானது. கிருமி உயிரோடு, தான் மூச்சு விடுகிற அதே அறையில், சுத்தமான கருவிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், கண்ணெதிரே பெருகி நின்றது. ஆபரேஷன் டாக்டர் கையால் காட்டிய கூடு ஞாபகம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து அதையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டான்.

"எதுக்கு அதை மட்டும் உயிரோட விடணும்? எல்லாத்தையும் கொன்னுட்டா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

அவள் இரண்டு குப்பிகளையும் அவன் கையில் வைத்தாள். அவனே யோசித்தான். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கியவனுக்கு அது புரிய நேரமாகவில்லை.

"நின்னுட்டு இருக்குற வண்டில பிரேக் பிடிக்குதான்னு பாத்திருக்கேன், இல்ல?" என்றான்.

"ஆமாங்க."

"எம் பல்லப் புடுங்கின அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்."

டாக்டர் அன்றைக்கே கிளினிக்கை மூடினாள். நோயாளிகளிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப்போன உதவிப்பெண்ணைத் தடுத்து, மெஷினைச் சோதிக்கிறோம் என்றே சொல்லச் சொன்னாள். புதுக் குப்பிகளை எடுத்தாள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. மறுநாள் அக்காவும் தங்கையும் சேர்ந்து பெட்டியைத் திறந்தார்கள். வெந்தது ஊதா. வேகாதது நல்ல மஞ்சள். பெரியவர் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறார். அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இளையவள்தான், இது இப்போதுள்ள மெஷின், வளையம் மாற்றுவதற்கு முன்னால் இருந்தது இல்லையே என்றாள்.

ஆவிக்குப் போன் போட்டார்கள். எங்கோ இன்னொரு மெஷின் வயிற்றுக்குள் இருந்து பேசினான். பழைய வளையம் என்ன கதியில் இருந்தது என்று டாக்டர் கேட்டாள். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்ததாகச் சொன்னான். அதனால் நீராவி கசிந்து சூடு குறைந்திருக்குமா என்று கேட்டாள்.

"குறைஞ்சும் இருக்கலாம், குறையாமலும் இருக்கலாம் டாக்டர். அதைப் பாக்கத்தானே நீங்க வாராவாரம் குப்பி வைக்கிறீங்க? அதுல என்ன வந்துச்சு?"

டாக்டர் போனைக் கீழே வைத்தாள்.

டிரைவர் இரண்டையும் உள்ளே வைத்த வாரங்களில் வந்துபோன நோயாளிகள் எல்லாரையும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள், ரத்தம் சோதித்துக்கொள்ளச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தர், கிருமி கிடக்கட்டும், நீங்கள் கட்டின பல் ஆடுகிறதே அதற்கு என்ன வழி என்றார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஒரே ஒரு நோயாளி விஷயத்தில் அவள் கை போனை எடுக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின சந்திப்பு மறுநாள். சொன்னால் நிச்சயம் தள்ளிப்போடுவார்கள். டிரைவரின் இதயம் தள்ளிப்போடுவதற்கு ஏற்ற நிலையில் இல்லை. சொல்லாமல் விட்டு, கிருமி உள்ளே இருந்து, புது வால்வில் கூடு கட்டினால் அதோடு கதை முடிந்தது.

மதியம் எல்லோரும் மாடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். முட்டையும் ரொட்டியும், அவனுக்கு மட்டும் கஞ்சி. ஜன்னலில் மழை சரிந்து இறங்கியது. டிரைவர்தான் பேச்சை எடுத்தான். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, பல் பிடுங்கின இடம் ஆறிவிட்டது. மெஷினும் இப்போது நன்றாக இருக்கிறது. இந்தத் தேதிக்காக எத்தனை மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று கேட்டான்.

"சொல்ல வேணாம் அண்ணி. வந்த பஸ்ஸ விட்டுட்டா அடுத்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்."

டாக்டர் ரொட்டியைப் பிய்த்தாள், சாப்பிடவில்லை. "மத்தவங்களா இருந்தா நேத்தே சொல்லியிருப்பேன் மாப்பிள்ளை. இதுல எனக்கு டாக்டரா யோசிக்க வரல. இவளோட அக்காவாத்தான் யோசனை ஓடுது." தங்கை பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. நீ என்ன சொல்றியோ அது."

இளையவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார், எதைப் பேசுகிறார்கள் என்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும், சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.

மறுநாள் பஸ்ஸில் போனார்கள். ஓட்டியவன் டிரைவருக்குத் தெரிந்தவன், அவனுக்காக மெதுவாக ஓட்டினான். அதனால் ஆஸ்பத்திரிக்குத் தாமதம். ஆபரேஷன் டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். பல் சர்டிபிகேட்டைப் பார்த்து, நல்லது என்று ஓரத்தில் வைத்தார். வேறு ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

டிரைவர் இல்லை என்று தலையாட்டினான்.

"இருக்கு டாக்டர்," என்றாள் இளையவள். "இவருக்குப் பல் எடுத்தப்ப எங்க மெஷின் சரியா வேலை செஞ்சுச்சான்னு எங்களுக்குத் தெரியாது. செஞ்சிருக்கலாம். ஆனா தெரியாது. சோதனை வெச்ச முறை தப்பாயிடுச்சு."

யார் வைத்தது என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்த அறையில் பல பேர் வேலை செய்கிறோம் என்று அவள் தொடங்கினாள். டிரைவர் குறுக்கிட்டான்.

"பல பேர் இல்ல சார். நான்தான் வெச்சேன்."

அவர் சர்டிபிகேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டியதுதான் என்றார். ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, விட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சுத்தம் என்று தெரிந்ததும் புதுத் தேதி கொடுப்பார்கள். நல்ல வேளை சொன்னீர்கள் என்றும் சொன்னார். அந்த வார்த்தை அவளுக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது டிரைவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் நிதானமாகப் படியிறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்து, பைகளை இழுத்து வைத்துக்கொண்டு ஒட்டத் தொடங்கினான்.

"சொல்லாம மூடி வெச்சிருந்தா அப்படியே போயிருக்கும்," என்றான்.

"போயிருக்கும்."

"உனக்கு ஆகாதே. கணக்கு டீச்சர்." அவள் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு பையை ஒட்டினான். "எனக்கும் ஆயிருக்காதுன்னுதான் தோணுது. தூக்கம் வந்திருக்காது."

அந்த வாரக் குப்பிகளை அவனே வைத்தான். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. மஞ்சளானதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாய்யா ராசா, சௌக்கியமா என்று விசாரித்தான். டாக்டர் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கும் அறைக்குப் போனாள்.

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். மழை ஓய்ந்து வெயில் வந்தது. பைகள் சீக்கிரம் காய்ந்தன. டிரைவரின் கால்கள் வீங்கின. படியிறங்குவது நின்றது. கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள், மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள், முதல் ரத்தத்தில் ஒன்றும் வளரவில்லை, இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறோம் என்றார்கள். ஒரு பிற்பகல், இளையவள் கீழே தட்டை மெஷினில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மாமியார் படியின் பாதியில் நின்று கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை. இளையவள் போனபோது அவன் சாய்ந்த வாக்கில்தான் இருந்தான். தலையணைகள் கலையவில்லை.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். டிப்போவிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்கள். சனம் கலைந்த பிறகு ஒரு நாள் டாக்டர் மாடிக்கு வந்தாள். கடைசியாக எடுத்த ரத்தத்தின் முடிவை ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். எதிலும் எதுவும் வளரவில்லை. சுத்தம்.

"அவருக்குக் கிருமியே இல்லடி," என்றாள். சுவரைப் பார்த்துப் பேசினாள். "அன்னிக்கே பண்ணியிருக்கலாம். கேக்குறவங்ககிட்ட நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிடுடி. எனக்கு ஒண்ணும் இல்ல. நான் டாக்டர், பழிய என்மேல போட்டா நிக்கும்."

இளையவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகள். நீ சொல்லச் சொல்லவில்லையே அக்கா என்றாள். டாக்டர் மடித்ததை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

மாமியார் அடுப்பு மேடையைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். படியில் டாக்டரின் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் வெளியே வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ அங்க வாயத் திறக்காம இருந்திருந்தா எம் புள்ள இருந்திருப்பானா?"

அவள் குரலில் சண்டை இல்லை. உப்பு எவ்வளவு போட என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். இளையவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள். சொல்வதற்குப் பதில்கள் இருந்தன. இதயம் அவ்வளவு கெட்டிருந்தது என்று சொல்லலாம். ஆபரேஷனிலேயே போனவர்களும் உண்டு என்று சொல்லலாம். இருந்திருப்பார் என்று சொல்லி, கிழவியின் காலில் விழுந்து அழுதும் தீர்த்துவிடலாம்.

"தெரியல அத்தை," என்றாள்.

மாமியார் அவள் முகத்தையே பார்த்தாள்.

"உங்கக்கா தெரிஞ்ச மாதிரி பேசிட்டுப் போறா."

"அவளுக்கும் தெரியாது அத்தை. யாருக்கும் தெரியாது."

மாமியார் எழுந்து போகவில்லை. கையை நீட்டி, மருமகள் மடியிலிருந்த சட்டையை எடுத்து, ஒரு கை உள்பக்கமாகத் திரும்பியிருந்ததை வெளியே இழுத்துச் சரிசெய்து, தானே மடிக்கத் தொடங்கினாள்.

"எப்படியும் இருந்திருக்க மாட்டான்னு சொல்லிச் சமாளிச்சுடுவியோன்னு பயந்துட்டே இருந்தேன்," என்றாள்.